கடைவீதியில் விழுந்த வெள்ளைக் கோடு

கொட்டகலை
18.02.1962

அன்புள்ள தம்பி இராயப்பனுக்கு,

மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். நீ கொழும்பு வெயிலில் கருகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். உன் மச்சானுக்கு மட்டும் இருமல். அதற்குக் காரணம் நீதான். பிறகு சொல்கிறேன்.

நீ வரைந்த கோடு விழுந்துவிட்டது. போன திங்கட்கிழமை ரோட்டு வேலை பார்க்கிற ஓவசியர் ஆட்களோடு வந்து, என் தேத்தண்ணிக் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளை பூசினார். ஆட்கள் நடந்து கடப்பதற்காம். ரோட்டோரத்தில் சைக்கிளுக்கென்று நீளமாக இன்னொரு கோடும் இழுத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடித்த மாதிரி கடைவீதியே சுத்தமாகிவிட்டது.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ வீதிப்படம் வரைகிற அரசாங்கக் கந்தோரில் பொய்யாகக் கண்டி விலாசம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். பிரஜாவுரிமைக் கடதாசி இன்னும் கைக்கு வரவில்லை. கொழும்புத் தெருக்களுக்கு வரைந்த படங்களோடு கொட்டகலையையும் ஓரமாகச் செருகிவிட்டாய். நம் தோட்டத்து லயத்துக் காளியாயி லொறியில் அடிபட்டுக் கால் முறிந்த இடம் என்பதால்தான் செருகினாய் என்று எனக்குத் தெரியாதா? இப்போது ஒரு முறைப்பாடு போனால், யார் வரைந்தது, எந்த ஊர்க்காரன் என்று கிளறுவார்கள். தோட்டத்தில் பிறந்தவன், கடதாசி இல்லாதவன் என்று தெரிந்தால் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "முறைப்பாடு வராம பாத்துக்கக்கா" என்று எழுதியிருந்தாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமையே வினை வந்துவிட்டது.

அன்று காலைப் பனியில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வழக்கம்போல் லயத்திலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக வந்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கண்டார்கள். நின்றுவிட்டார்கள். ரோட்டோரத்தில் இல்லை தம்பி, ரோட்டுக்கு நடுவில், கோட்டின் மேலேயே. ஆளுக்கு ஒரு பட்டை. காளியாயி முதலில், அவள் பின்னால் லெட்சுமி, பிறகு மற்றவர்கள், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூடையோடு.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் சுண்ணாம்புக் கோடு இருக்கிறது. அதில் வரிசையாக நின்றால்தான் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். கூப்பிடும் முன் நகர்ந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். தொட்டிலை விட்டு இறங்கியதிலிருந்து வெள்ளைக் கோடு என்றால் அவர்களுக்கு அது ஒன்றுதான். இன்றைக்குப் பெரட்டு கடைவீதிக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கொழும்பில் உட்கார்ந்து அளவெடுத்துக் கோடு போட்ட உனக்கு இது தோன்றவில்லையே!

ஹட்டன் பஸ் வந்தது. டிரைவர் பியதாச ஹோன் அடித்துப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. பின்னால் மரக்கறி லொறி, அதன் பின்னால் தோட்டத்துத் துரையின் கார். பியதாச இறங்கி வந்து "யன்ன, யன்ன" என்று கையை வீசி விரட்டினார். காளியாயி கும்பிட்டுச் சொன்னாள்: "பேரு கூப்பிடாம எப்படிங்கய்யா போறது? அப்புறம் அரைப்பேரு போட்டுருவீங்களே!" அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு, அவள் பேரைக் கேட்டு, "காளியாயி!" என்று கத்தினார். "இருக்கேங்க!" என்று அந்தப் பக்கம் போனாள். அடுத்தது லெட்சுமி. கடைசிப் பெண் கடப்பதற்குள் பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்னேரம் காளியாயியைக் கடைக்குக் கூப்பிட்டு, அது நிற்கிற கோடு இல்லை, நடக்கிற கோடு என்று விளக்கினேன். "கோடு இருந்தா நிக்கணும், கோடு இல்லாட்டி உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடணும். இத்தன வருசமா அப்படித்தானே? நீ என்னக்கா புதுசா சொல்ற?" என்றாள். முதல் நாள் தெரியாமல் நின்றவள், மறுநாள் தெரிந்தே நின்றாள். ருசி கண்ட பூனை. "பேரு சொல்லிக் கூப்பிட்ட ஆளு மேல எவன்க்கா வண்டிய ஏத்துவான்?" என்று கேட்கிறாள்.

சைக்கிள் கோட்டின் கதை வேறு. மழை நாட்டில் கொஞ்சம் வெயில் விழுவதே அந்த ஓரத்தில்தான். பலசரக்குக் கடை வீரய்யா அதில் சாக்கை விரித்துச் செத்தல் மிளகாய் காயப்போட்டுவிட்டார். உன் மச்சான் தபால் பையோடு சைக்கிளில் வந்தார். ரோடு முழுக்கக் காலியாக இருக்கிறது, ஒதுங்கிப் போகலாம். மாட்டாராம். "எம் மச்சினன் எனக்குன்னு போட்ட பாத" என்று மிளகாய் மேலேயே விட்டார். அதுதான் இருமல். மிளகாய் பொடியானது கூடப் பரவாயில்லை. மச்சினன் என்று உரக்கச் சொன்னாரே, அதற்குத்தான் வீட்டுக்கு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பஸ் தினமும் பிந்துகிறது. அடுத்த சனிக்கிழமை ஊர்ச்சபைச் சேர்மன் தாரோடு வந்து கோட்டை அழிக்கப்போகிறாராம். அழித்த கையோடு கந்தோருக்கும் எழுதுவாராம். என்ன செய்வது என்று உடனே எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா
இசபெல்

---

கொட்டகலை
04.03.1962

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதி, எப்படிக் கடப்பது என்று படமும் வரைந்து அனுப்பியிருந்தாய். உன் படத்தில் கடக்கிற மனிதன் தொப்பி போட்டு, கோட்டு மாட்டி, கையில் பிரம்பு வைத்திருக்கிறான். காளியாயி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொர எப்பக்கா தோட்டத்துக்கு வர்றாரு?" என்று கேட்டாள். படத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியும்போதே சேர்மன் வந்துவிட்டார். கூட ஓவசியர், ஒரு பீப்பாய்த் தார். எனக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. உன் வேலை அந்தப் பீப்பாய்க்குள்ளே முங்கப்போகிறது என்று வாசலுக்கு வந்து நின்றேன். பெண்களும் இறங்கி வந்து வழக்கம்போல் பட்டைக்கு ஒருத்தியாக நின்றார்கள். சேர்மன் ஓவசியரிடம் சிங்களத்தில் சொன்னார், ஓட்டு இல்லாத ஆட்களுக்காக பஸ் ஏன் நிற்க வேண்டும் என்று. நமக்குப் புரியாது என்று நினைப்பு. காளியாயி பணிவாகத்தான் சொன்னாள்: "ஓட்டு இல்லீங்க தொர. காலு இருக்குங்களே. அதுலயும் ஒண்ணுதாங்க சரியா இருக்கு."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எங்கிருந்து தார் பூச வேண்டும் என்று காட்டுவதற்காகக் கோட்டுக்குள் இறங்கினார். அந்த நேரம் பார்த்துப் பனி திரைபோல் இறங்கியது. வளைவில் லொறிச் சத்தம். ஓவசியர் ஒரே தாவில் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார், தார்த் தூரிகையோடு. சேர்மன் நடுரோட்டில் காளியாயியின் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் அசையவே இல்லை. லொறிக்காரன் வெள்ளையைக் கண்டு பிரேக்கை மிதித்தான். கிரீச்சென்று வந்து, அவருடைய தொந்திக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஏசுவே என்று நான் கத்தியது ஸ்டேஷன் வரை கேட்டதாம்.

எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்றது. பியதாச தலையை நீட்டி, இப்போது அவருக்கு எல்லாம் மனப்பாடம், வரிசையாகப் பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக "இருக்கேங்க" என்று கடந்து போனாள். காளியாயி கம்பளியை மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டாள். சேர்மன் மட்டும் பட்டையில் தனியாக நிற்கிறார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கால் வரவில்லை பாவம். பியதாச கொஞ்சம் பார்த்துவிட்டு, மாத்தயாவின் பேர் என்ன என்று மரியாதையாகக் கேட்டார். அவரும் முதலெழுத்து ஒன்று விடாமல் முழுப்பேரையும் சொன்னார். பியதாச அதை அப்படியே கூப்பிட்டார். அப்புறம்தான் சேர்மன் கடந்தார். "இருக்கேங்க" என்று அவரும் சொன்னதாகக் காளியாயி சத்தியம் பண்ணுகிறாள். நான் கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

என் கடையில் உட்கார்ந்து இரண்டு பிளேன்டீ குடித்தார். பிறகு தாரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். கோடு இருக்கட்டும், பஸ் இங்கே நின்று போகட்டும், மிளகாயை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். மாதாவே என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது தம்பி. "இதை வரைந்த ஆள் கெட்டிக்காரன். பாராட்டி அவன் கந்தோருக்கு எழுதப்போகிறேன். ஆள் யார், எந்த ஊர், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

முறைப்பாட்டுக்குத்தானே பயந்தோம்? பாராட்டுக்கும் பயப்பட வேண்டும் என்று யார் நினைத்தது?

உன் மச்சான் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு வடையைத் திணித்தேன். கடை முழுக்க என் முகத்தைப் பார்த்தது. "யாரோ கொழும்புப் பெரிய ஐயாங்களாம். இந்தப் பக்கமெல்லாம் வந்ததே இல்லீங்க" என்றேன். வீரய்யா தெரியாது என்றார். உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த காளியாயி, வாசலில் நின்று, "நாங்க எங்கங்க அவுகளைப் பாத்தோம்" என்றாள்.

உன் பேர்கொண்ட அர்ச்சியசிஷ்ட இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். நான் உன்னை ஒரு தரம்தான் மறுதலித்தேன். அதற்கே ராத்திரி முழுக்க அழுதேன். இவ்வளவு பெரிய மனிதர் கெட்டிக்காரன் என்று சொல்கிறபோது, என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டதே.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு. அங்கே தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார். மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

கடதாசி வந்ததும் வருவேன் என்று எத்தனை வருஷமாக எழுதுகிறாய். அது வராவிட்டாலும் நீ வா தம்பி.

உன் அக்கா
இசபெல்