கறிவேப்பிலைச் சாடியில் சிவப்பு மண்

6 பெப்ரவரி 2007, ஸ்ட்ரெதம், லண்டன்
அம்மா இன்றும் கதைக்கவில்லை. நான் யூனிவர்சிட்டியை விட்டதிலிருந்து இப்படித்தான். சாப்பாட்டைப் போட்டு மூடி வைப்பா, கூப்பிடமாட்டா. ஃபோனில் நகுலேஸ்வரி அன்ரிக்கு மட்டும்: "ஓமக்கா, லோஜினி நல்லாப் படிக்கிறாள். கடைசி வருசம்." நான் பக்கத்திலேயே நிற்கிறேன், சேற்றுப் பூட்ஸோடு.

8 பெப்ரவரி
சிட்டியில் புது ஒஃபிஸ் கட்ட முன்னம் அடியில் கிடக்கும் பழைய லண்டனைத் தோண்டிப் பார்க்கிறார்கள். நான் மண் அள்ளி வீல்பரோவில் தள்ளுகிறேன். முதுகு போச்சு. அக்கவுன்டிங்கை விட எவ்வளவோ நல்லம்.

12 பெப்ரவரி
கறுத்த மண்ணுக்குக் கீழே திடீரென்று சிவப்பு. கோடு கீறின மாதிரி.

13 பெப்ரவரி
காலையில் பூட்ஸ் துப்புரவாக இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த சிவப்பு, ஜன்னலடிக் கறிவேப்பிலைச் சாடிக்குள். அம்மா யாழ்ப்பாணத்துக் குப்பிளான்காரி, அங்கே மண்ணே சிவப்பு. சிவப்பைக் கண்டால் ஊர்ச் செம்பாட்டு மண் என்று நினைப்பா, வீசமாட்டா. ஆனால் என்னோடு கதைக்கமாட்டா.

14 பெப்ரவரி
அது மண்ணே இல்லை. எரிந்த வீடுகளின் களிமண் சுவர். எங்கள் சூப்பர்வைசர் ஹெலன் சொன்னா. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் எரித்தவள் ஒரு பொம்பிளை — பூடிக்கா, கிழக்குப் பக்கத்து ராணி. புருசன் செத்ததும் ரோமர் நாட்டைப் பறித்தார்கள். அவளைக் கசையால் அடித்தார்கள். இரண்டு மகள்மாரையும் கெடுத்தார்கள். அவள் சனத்தைத் திரட்டிக்கொண்டு வந்து இந்த ஊரையே கொளுத்தினாள். ஒன்றும் செய்யாத சனமும் அதுக்குள்ளைதான்.
தொட்டுப் பார்த்தேன். மேலே டை கட்டின ஆக்கள் கோப்பிக் கப்போடு போகினம். கீழே அவளின் கோவம், இன்னும் ஆறாமல். என்ன மனிசியப்பா இவள்?

15 பெப்ரவரி
அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா. அவவின் முதுகுக்குச் சொன்னேன்.
"அம்மா, நீங்கள் சாடிக்குள்ளை போட்டது செம்பாடு இல்லை. எரிஞ்ச லண்டன்."
எல்லாவற்றையும் சொன்னேன். கசை, மகள்மார், நெருப்பு, கடைசிச் சண்டையில் அவள் தோற்றது, செத்தது. கத்தி நின்றது.
"அந்தப் பெட்டையளுக்குப் பிறகு என்ன நடந்தது?"
இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு முதல் கதை.
"ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. பேர்கூட இல்லை."
"பேர்கூட இல்லையோ?"
பிறகு கத்தி திரும்ப ஓடியது.
"அப்ப வடிவாக் கிண்டு."

19 பெப்ரவரி
சாடியிலிருந்த சிவப்பை அம்மா கரண்டியால் வழித்து ஒரு பையில் கட்டித் தந்தா. "ஹெலனிட்டைக் குடு. அந்தப் பெட்டையளின்ரை ஏதும் அதுக்குள்ளை கிடந்தாலும் கிடக்கும்." கூடவே புட்டுப் பெட்டி.
கதவைச் சாத்தும்போது ஃபோன் அடித்தது. படியில் நின்றுவிட்டேன்.
"ஓமக்கா... இல்லை, படிப்பை விட்டிட்டாள். சிட்டியிலை மண் கிண்டுறாள்... இல்லையக்கா, விசர் ஒண்டும் இல்லை. ரெண்டு பெட்டையளைத் தேடுறாள்."