இவர் அழுத படம்

1994, வெள்ளி இரவு.

வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் இன்று படம். எனக்கு நகைச்சுவை பிடிக்கும். இவருக்கு அழுகைப் படம். அதுதான் முதலில் ஓடியது. தாயைக் கைவிட்ட மகனைக் கண்டு, "என்ன பிறவி இவன்! பெத்த தாய இப்படி உடுவானா?" என்று தேம்பினார்.

கல்யாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்தபின் இவர் தன் உம்மா வீட்டுப் பக்கமே போவதில்லை. ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றித் தரும்படி மாமி போன மாரி மழையிலிருந்து கேட்கிறார். இன்றும் அதற்குத்தான் வந்து பாயின் ஓரத்தில் இருந்தார். மகன் அழுவதைக் கண்டதும் வந்த கதையை விட்டுவிட்டு, முக்காட்டு நுனியால் இவர் கண்ணைத் துடைத்தார்.

"அழாதிங்க மகன், படம்தானே."

பிறகு மாமி மழையில் தனியே போனார். இவர் கசட்டைத் திருப்பி, அதே கட்டத்தை மறுபடி போட்டு அழுதார்.

என் நகைச்சுவைப் படத்தைப் போடத் தேவையே வரவில்லை.