ஓட்டுநர் இல்லாத ரயிலின் முன்பக்கம்

பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கித் திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசம் எழுந்து வந்தது. என் கணவர் அலுவலக வேலையாக வெளியூர் கிளம்புகிறார், அவருக்காகத்தான் இறக்கினேன். எத்தனை முறை சோப்புப் போட்டுத் துடைத்தேன், எத்தனை நாள் வெயிலில் காயவைத்தேன். உள்துணியில் அந்த வட்டக் கறை அப்படியே இருக்கிறது. அவர் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் மட்டும் மூடியைச் சாத்தாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நாம் இருவரும் எங்கேயோ போகப் போவதாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்கும் நீ காங்கேயத்து எண்ணெய் மில் வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்டோம். நம் பக்கத்தில் கல்யாணமான பெண்ணின் சனி ஞாயிறு சொந்தக்காரர்களுக்குச் சொந்தம். காதுகுத்து, சீர், கிடாவிருந்து என்று ஏதாவது ஒன்று வந்துவிடும், போகாவிட்டால் பத்து வருடம் பேசுவார்கள். அதனால்தான் ஒரு மத்தியானம் நீ மில்லிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன செய்தி எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"அம்மணி, அடுத்த வாரம் சனி ஞாயிறு ஒரு விசேஷமும் இல்ல. காலண்டர மூணு தடவ பாத்துட்டேன். பாஸ்போர்ட் இருக்குதல்ல?"

சிங்கப்பூர் என்றாய். கோயமுத்தூரில் ஏறினால் நேராக அங்கே போய் இறங்கிவிடலாம், சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம், யாருக்கும் சமையல் தடைப்படாது என்று விவரமாகக் கணக்குச் சொன்னாய். அங்கே போய் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கடைகளும் வேண்டாம், பூங்காக்களும் வேண்டாம் என்றாய். ஓட்டுநரே இல்லாமல் ஓடும் ரயிலை யாரோ எடுத்த வீடியோவில் பார்த்திருக்கிறாய். ஓட்டுநர் அறை இல்லாததால் முன்கண்ணாடி வரைக்கும் யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாமாம். அங்கே நிற்க வேண்டும். உன் ஆசை அவ்வளவுதான்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்றாய். மாமனார் இருந்தவரை அவர், பிறகு கொழுந்தனார், அவரும் இல்லையென்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி. யாரும் உன்னை உட்காராதே என்று சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. கதவைத் திறக்கும்போதே கை தானாகப் பின்கதவுக்குப் போய்விடுகிறது என்றாய். "இருவது வருசமா ரோட்ட நான் சைடுலதான் பாக்கறேன் புள்ள."

அதற்குப் பிறகு ஒரு தப்புச் செய்தாய். நம் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பயணத்தை வீட்டில் சொல்லிவிட்டாய். உன் நாத்தனாரின் மகன் அங்கேதான் வேலையில் இருக்கிறான் என்பது நொடியில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அவனுக்குப் பருப்புப்பொடி, வடகம், மில்லில் ஆட்டிய எண்ணெய் ஒரு பெரிய பாட்டில். உன் பெட்டியில் இடமில்லாமல் எண்ணெய் என் நீலப் பெட்டிக்கு வந்தது. நாத்தனார் கையோடு இன்னொரு ஏற்பாட்டையும் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மகன் வீட்டில் நமக்குச் சாப்பாடு.

ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. இறங்கியதும் மழை பெய்தது, பெய்த வேகத்திலேயே நின்றது. விடுதியின் லிஃப்டில் ஒவ்வொரு மாடியிலும் ஆள் ஏற ஏற நீ தலையசைத்து "வாங்க" என்றாய். உன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களைப் போல அத்தனை பேரையும் வரவேற்றாய். ஒரு சீனத்து அம்மாள் பதிலுக்கு உனக்குக் கும்பிடு போட்டார். நகரும் படிக்கட்டில் கைகோத்துக்கொண்டு ஏறினோம், ஐஸ்கிரீமை ரொட்டியில் மடித்துத் தின்றோம், யாருடைய மருமகளாகவும் இல்லாமல் தெருத்தெருவாக நடந்தோம்.

ரயில்தான் ஏமாற்றிவிட்டது. ஓட்டுநர் இல்லைதான், ஆனால் பாதை பூமிக்கடியில். முன்கண்ணாடிக்கு வெளியே ஒரே இருட்டு. "இதுக்குள்ள என்ன புள்ள பாக்கறது, நம்ம மூஞ்சிதான் தெரியுது" என்று இறங்கிவிட்டாய். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நான்தான் விசாரித்தேன். ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு நடுவே, பாலத்தின் மேல், வெளிச்சத்தில் ஓடும் குட்டி ரயில்கள் இருப்பதாகச் சொன்னாள். இடத்தின் பெயரைக் கேட்டதும் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். உன் நாத்தனார் மகனின் வீடு அங்கேதான்.

ஆனால் அவன் மரியாதை தெரிந்த பையன். ஞாயிறு காலை டாக்ஸி எடுத்துக்கொண்டு விடுதிக்கே வந்துவிட்டான். பெட்டிகளைத் தூக்கி வைத்து, உனக்கும் எனக்கும் பின்கதவைத் திறந்துவிட்டு, முன்னால் உட்கார்ந்துகொண்டான். நீ என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் பாதி பாட்டிலிலும் மீதி என் துணியிலும் இருந்தது. அவன் மனைவி அதற்காக வருத்தப்பட்டு, வருத்தம் தீரும்படி பரிமாறினாள். காங்கேயத்திலிருந்து கடல் தாண்டிப் போய் நாம் சாப்பிட்டது நம் வீட்டில் இடியாப்பம் போலப் பிழியும் அதே சந்தகையும் தேங்காய்ப்பாலும். சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பாலம். குட்டி ரயில் போகும்போதெல்லாம் நீ கையைத் தட்டில் வைத்துவிட்டு அதன் வால் மறையும் வரை பார்த்தாய். அந்தப் பெண் சந்தகை பிடிக்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை வைத்தாள்.

கை கழுவி வந்தபோது உன் நாத்தனார் மகன் போனைக் கையில் வைத்திருந்தான். விமான நிலையத்துக்கு நேராக டாக்ஸி சொல்லிவிட்டதாகச் சொன்னான். நீ வேண்டாமுங்க என்றாய். பரவாயில்லைங்க அத்தை என்றான். மறுபடி வேண்டாமுங்க என்றாய். காசெல்லாம் பார்க்காதீங்க என்றான். நம் ஊரில் வேண்டாம் என்ற சொல்லை யார் நம்புகிறார்கள்? அது உபசாரத்தின் ஒரு பகுதி. மூன்று முறை சொன்ன பிறகுதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நமக்கே சொல்லிக் கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறார்கள். டாக்ஸி வந்துகொண்டிருந்தது. அதில் ஏறினால் நாம் வந்த காரியம் முடியாமலே விமானம் ஏறிவிடுவோம். நான் உனக்காகப் பேசலாமா என்று வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்தினாய்.

"மாப்பிள்ளை, நான் நெசமாலுமே வேண்டாம்னு சொல்றேனுங்க. எனக்கு அந்த ரயில்ல முன்னாடி நின்னு பாக்கோணும். அதுக்குத்தான் வந்தேன். உங்கூட்டுக்கு வந்ததுகூட அப்புறந்தானுங்க."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, இது நாத்தனார் காதுக்குப் போகும், அங்கிருந்து எல்லா விசேஷ வீடுகளுக்கும் போகும் என்று நான் அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். முதலில் சிரித்தது அவன் மனைவிதான். பிறகு அவனும் சிரித்தான். ஆனால் வரவழைத்த டாக்ஸியைத் திருப்பி அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை, நம்மைப் பெட்டி தூக்கவிடவும் மனமில்லை.

"செரிங்க அத்தை. பெட்டிய நான் டாக்ஸில கொண்டாரேன். நீங்க ரயில்ல வாங்க."

நம் பெட்டிகள் மரியாதையாகக் காரில் போயின. வழி காட்ட வந்த அவன் மனைவியோடு நாம் படியேறி ஓடினோம். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடியதை அந்த ஊர் பார்த்திருக்காது.

ரயிலின் முன்பக்கம் காலியாக இருந்தது. நீ கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாய். கதவு மூடியது. பாதை உன்னை நோக்கி வர ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், ஜன்னல்களில் கம்பு கம்பாக நீட்டிக் காயும் துணிகள், கீழே ஒரு கால்வாய், பச்சை மரங்களின் உச்சிகள். வளைவு வந்தபோது நீ உடம்பைச் சாய்த்தாய். எதிர்ப்பாதையில் ரயில் வந்தபோது உன் வலது கால் தரையை மிதித்தது. "பிரேக்கு புள்ள, பிரேக்கு" என்றாய். தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த புறாவிடம் "ஓரமுங்க" என்றாய். அது பறந்ததும் உன் முகத்தில் வந்த பெருமை! அந்த ரயில் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் ரயில். விமான நிலையத்துக்குப் போகும் பெரிய ரயிலுக்கு மாற வேண்டிய நிலையம் வந்தது, நீ இறங்கவில்லை. நானும் இறங்கலாம் என்று சொல்லவில்லை. இன்னொரு சுற்றுப் போனோம். விமான நிலையத்தில் நம் பெட்டிகளின் நடுவில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு என் மனமார்ந்த மன்னிப்பு.

கோயமுத்தூரில் உன் கணவரும் கொழுந்தனாரும் காரோடு நின்றார்கள். கொழுந்தனார் வழக்கம்போல முன்னால் உட்கார்ந்திருந்தார். நீ முன்கதவின் பக்கமே போய் நின்றாய். "தம்பி, நான் முன்னால வாரேனுங்க" என்றாய். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவர் உன் கணவரைப் பார்த்தார், உன் கணவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு அவர் இறங்கிப் பின்னால் போனார். பல்லடம் வரை யாரும் வாய் திறக்கவில்லை என்று மறுநாள் போனில் சொல்லி, மூச்சு முட்டச் சிரித்தாய்.

உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். காங்கேயத்திலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து போன நாட்களிலும் நீ முன்சீட்டில்தான் வந்தாய். பின்னால் சாய்ந்து படுத்துக்கொள் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தால் வலி தெரிவதில்லை என்று சொன்னாய். அது உண்மையா என்று நான் கேட்டதில்லை.

நீ போன பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தைரியசாலி ஆகிவிட்டேன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே, மதுக்கரை தாண்டி நெடுஞ்சாலையில் லாரி வந்தால் இன்னமும் ஓரங்கட்டி வழிவிட்டுவிடுகிறேன். உன் மகள் இங்கே கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன சனிக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப் போனேன். பையைப் பின்சீட்டில் எறிந்தாள். முன்கதவைத் திறந்து ஏறி, சீட்டைத் தனக்கு வசதியாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போலாங்க பெரியம்மா" என்றாள். எங்கே உட்காருவது என்று அவள் கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பெல்ட்டைப் போடு கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.