ஒன்றியத் தலைவரின் கிடாரம்

மே 4, ஞாயிறு
லாசால் பகுதித் தமிழ் நூலகத்தார் இன்று தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஓர் உரை வேண்டுமாம்: "இங்கிலாந்து மன்னர்கள் அதிகாரம் இழந்த கதை". ஊரில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படித்த ஆள் மொன்றியலில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறார்கள் போலும். இந்தக் குணரத்தினம் மேடையை மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. சம்மதித்தேன்.

இங்குள்ள எங்கள் ஊரவர் ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலும் நெருங்குகிறது. பதினெட்டு வருடமாக நானே தலைவர். பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சும் பெரிய கிடாரம் முதல் கயிறிழுத்தல் கயிறு வரை எல்லாம் பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக் கராஜில்தான். உப்புப் பார்ப்பதும் நானே. எல்லோரும் குடித்தபின் அடியில் ஆறிக் கிடப்பதை நின்றபடி வழித்துக் குடிப்பதும் நானே. தலைமை என்றால் சும்மாவா?

மே 11
முதலாம் சார்ள்ஸ் பதினொரு வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. என்ன நெஞ்சுரம்! சத்தமாக வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சிவமலர் தலை நிமிராமல் கேட்டாள்: "நீங்கள் கடைசியாப் பொதுக்கூட்டம் வச்சது எப்பப்பா?"

கொரோனாவுக்கு முந்தி. புத்தகத்தை மூடிவிட்டேன்.

மே 25
இந்த முறை ஒன்றுகூடலை லாசால் ஆற்றங்கரையிலிருந்து என் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு மாற்றி, வட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். கிடாரத்தைத் தூக்கித் திரியும் வேலை மிச்சம். செயலாளர் இரவிச்சந்திரன் உடனே அழைத்தான். "அண்ணை, லாசால் சனத்தில பாதிப்பேருக்குக் கார் இல்லை. பிள்ளையளோட மூண்டு பஸ் மாறி வாறதே? ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?"

யாரைக் கேட்பது? தலைவர் நான் அல்லவா?

ஜூன் 8
கூட்டம் வைத்திருக்கிறார்கள். நான் இல்லாமல்! லாசாலில், என் மகள் துஷாந்தினி இருக்கும் அடுக்குமாடியின் கீழ் மண்டபத்தில். ஒன்றுகூடல் பழையபடி லாசால் ஆற்றங்கரையில்தானாம். புதுத் தலைவரும் தெரிவாம். ஆர்? துஷாந்தினி. நான் பெத்த பிள்ளை! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை — இல்லை, சொன்னாள். "கூட்டத்துக்கு வாங்கோ எண்டு எத்தினை மெசேஜ் போட்டனான் அப்பா. நீங்கள் பாக்கேல்லையே?"

பார்த்தேன். தலைவர் கூப்பிடாத கூட்டத்துக்குத் தலைவர் எப்படிப் போவது?

நெஞ்சு எரிகிறது. மத்தியானம் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்புதான் காரணம் என்கிறாள் சிவமலர்.

ஜூன் 9
கராஜுக்குப் புதுப் பூட்டு. கிடாரம் உள்ளே. கூழை எதில் காய்ச்சுகிறார்கள் பார்ப்போம்.

ஜூன் 14
இரண்டாம் ஜேம்ஸ் தப்பி ஓடும்போது அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் போட்டுவிட்டாராம். முத்திரை இல்லாமல் ஆட்சி நடவாது என்ற கணக்கு. கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். ஆட்சி நடந்திருக்கிறது! அரியணையில் யார்? அவருடைய சொந்த மகள் மேரி. கூடவே ஒல்லாந்திலிருந்து வந்த மருமகன்.

என் மருமகன் பிருந்தன் ரொறன்ரோவிலிருந்து வந்தவன்.

இதைச் சிவமலரிடம் சொல்லியிருக்கக் கூடாது. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபின் அடுத்த செய்தியைப் போட்டாள்: எங்கள் சிநேகிதர் அல்பேட் தங்கள் மாதா கோயில் கிடாரத்தை ஒன்றியத்துக்கு இரவல் தருகிறாராம். எங்களுடையதைவிடப் பெரிதாம்.

போய்ப் பூட்டைப் பார்த்தேன். பளபளவென்று வெட்கமில்லாமல் தொங்கியது.

ஜூன் 21
உரை. நூலகம் நிரம்பியிருந்தது. ஒன்றியத்தார் ஒருவர் மிச்சமில்லை. துஷா முன் வரிசையில். மேரியை ஏற்றிய பாராளுமன்றம் கொண்டுவந்த உரிமைச் சட்டத்துக்கு வந்தேன். சபையின் சம்மதமின்றி மன்னர் வரி விதிக்க முடியாது, சட்டத்தை நிறுத்திவைக்க முடியாது, சபை அடிக்கடி கூடவேண்டும் — அந்தக் கடைசி வரியில் எல்லாக் கண்ணும் என்மேல்.

கேள்வி நேரத்தில் இரவிச்சந்திரன் எழும்பினான். "அண்ணை, அவ்வளவு அதிகாரத்தையும் பறிச்சவை, பேந்து ஏன் ராசா எண்டு ஒராளை வச்சிருந்தவை?"

குறிப்பைப் புரட்டினேன். அதில் பதில் இல்லை. துஷா இருந்தபடியே சொன்னாள்: "சனம் தங்களுக்குள்ள பிடுங்குப்பட்டாலும் எல்லாருக்கும் பொதுவா ஒராள் வேணும்தானே. எல்லாருக்கும் விருப்பமான ஒராள்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

தேநீரின்போது விசயத்தை உடைத்தார்கள். என்னை ஒன்றியத்தின் போஷகர், அதாவது கௌரவப் புரவலர், ஆக்க விருப்பமாம். விளக்கேற்றலாம், வாழ்த்துரை சொல்லலாம், பரிசு கொடுக்கலாம். முடிவு மட்டும் எடுக்க முடியாது. யோசிக்கிறேன் என்றேன், மிடுக்காக.

ஜூலை 1
யோசித்தேன்.

மொன்றியல் முழுக்க வீடு மாறும் நாள். தெருவெல்லாம் மெத்தையும் அலுமாரியும். அதற்குள் நானும் பிருந்தனும் வான் கூரையில் கிடாரத்தைக் கட்டிக்கொண்டு லாசாலுக்குப் போனோம். சிவப்பு விளக்கில் பக்கத்து லொறிக்காரர் நாங்களும் வீடு மாறுகிறோம் என்று நினைத்து, கிடாரத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் "பொன் கூராஜ்!" என்று தைரியம் சொல்லிக் கத்தினார். "மெர்சி!" என்று நானும் கத்தினேன்.

"மாமா, அல்பேட் அங்கிளின்ர கிடாரம் இருக்கெல்லே?" என்றான் பிருந்தன்.

"இருக்கட்டும். எங்கட கூழ் எங்கட கிடாரத்திலதான்."

துஷா வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்காமல் வந்து கிடாரத்தின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்தாள். "என்னப்பா இந்தப் பாரம்!"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 13, ஞாயிறு
ஒன்றுகூடல். வெயில், ஆற்றங்காற்று, நல்ல சனம். விளக்கேற்றினேன். வாழ்த்துரை சுருக்கமாக, அதுவும் குழுவின் தீர்மானம். துஷா அகப்பையை நீட்டி உப்புப் பார்க்கச் சொன்னாள். போதாது, இன்னும் ஒரு பிடி போடு என்றேன். குழு கூடிக் கதைத்துவிட்டு, "காணும் அண்ணை, போதும்" என்றது. அகப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரை எங்கே விடுவது, கயிறிழுத்தல் எப்போது, பந்து ஆற்றுக்குள் போய்விட்டது — பழைய பழக்கத்தில் எல்லோரும் என்னிடமே ஓடி வந்தார்கள். "தலைவரைக் கேளுங்கோ," என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை வியர்க்க விறுவிறுக்க ஓடித் திரிந்தாள். பின்னேரம் கிடாரத்தின் அடியை வழித்து நின்றபடி குடித்தாள். ஆறியிருக்கும், பாவம்.

போஷகருக்கு முதல் கோப்பையாம். மரநிழலில் கதிரை போட்டு, சிவமலருக்குப் பக்கத்தில் இருந்து குடித்தேன். நண்டுக்கால் உடையாமல் முழுதாக வந்தது. கூழ் நாக்கைச் சுட்டது. பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

உப்புப் போதாதுதான்.