செம்பருத்தியில் திரிந்த பால்

சைனபுக்கு ஸலாம். உன் முட்டுவலி தேவலையா? நேற்று உன் புருஷன் டீ போட்ட லட்சணத்தில் தாராவி அறையே சிரிப்பாய்ச் சிரித்தது.

அஸ்ரின் போனில், "வாப்பா, பெருநாளைக்கு வந்து எனக்குப் பூ டீ போட்டுத் தருவீங்களா?" என்றாள். "அதுக்கென்ன, ரெண்டு கலர்ல" என்று பீற்றிக்கொண்டேன்.

அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பழகினேன். செம்பருத்திச் சாற்றில் பாலை ஊற்றியதும் திரிந்துவிட்டது. சங்குப்பூவில் வெளிர்நீலமாக வந்தது. கூட இருக்கும் ஹனீப், "பாய், சொட்டு நீலம் மாதிரில்ல இருக்கு, சட்டையை முக்கிரட்டுமா?" என்றான்.

இருப்பே கொள்ளவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுகிறேன். நம் வேலிச் சங்குப்பூவை நிழலில் காயவைத்து ஒரு டப்பா அனுப்பு.

தையலுக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பெருநாளைக்கு லீவு கிடையாது என்று சேட் போன வாரமே சொல்லிவிட்டார். பிள்ளையிடம் அதை மட்டும் சொல்லவில்லை.