நிமிர்ந்த வீடும் உன் நிழலும்

இன்று காலை குளியலறைக் கதவைத் திறந்ததும் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடை முகத்தில் அடித்தது. உடனே உன் ஞாபகம்தான். ஷிப்ட் முடிந்து வந்து, இந்த மத்திகிரி வாடகை வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி நாம் படம் கழுவுவோம். குளிக்க வழியில்லை என்று என் வீட்டில் திட்டு விழும்.

நேற்று கழுவியது உன் புதுவீட்டுப் படம். குடிபுகுந்த அன்று நீயே எடுத்தது. குறுகிய சந்து, பின்னால் நகர இடமில்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தாய். மாடி ஒடுங்கி, வீடே மல்லாக்க விழப்போவதுபோல் பதிந்தது. ஊத்தங்கரையிலிருந்து வந்த உன் சொந்தங்கள் அபசகுனம் என்றார்கள். உன் மனைவி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். மறுபடி அச்சிடும்போது தாள் வைக்கும் பலகையைச் சாய்த்தால் சரியாகிவிடும் என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"வூடு நல்லாத்தான் நிக்குது. நாந்தான் தலைய தூக்கிப் பாத்தேன். உனுக்கு என்னாடா?"

நீ கண்ணை மூடிய பிறகு அந்த நெகட்டிவை உன் மனைவியே கொண்டுவந்தாள். "நிமித்திக் குடுங்கண்ணா, மாட்டணும். கீழ அவரு நெழலு இருக்குது, அது மட்டும் போயிடக் கூடாது."

வாசல் மண்ணில், கேமரா தூக்கிய உன் நிழல். நீ எடுத்த படங்களில் நீயும் இருப்பது இதில் மட்டும்தான்.

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்குக் கீழே, வீட்டின் அடிப்பக்கம் விழும் ஓரத்தில் உன் பழைய டிபன் பாக்ஸை முட்டுக்கொடுத்துப் பலகையை உயர்த்தினேன். லென்ஸுக்குக் கிட்டே வந்த அடிப்பக்கம் சுருங்கியது, சுவர்கள் நேராக நின்றன. இரு ஓரமும் தெளிவாக விழ, லென்ஸின் துளையைக் குறுக்கினேன். ஆனால் கிட்டே வந்த பக்கத்துக்கு வெளிச்சம் கூடுதல் அல்லவா? முதல் பிரதியில் மண் கன்னங்கரேலென்று கருத்து, அதற்குள் நீ காணாமல் போயிருந்தாய்.

அடுத்த தாளில், அந்த இடத்துக்கு மேலே உள்ளங்கையை அசைத்துக்கொண்டே வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்தேன். டெவலப்பர் தட்டில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தாய், தூக்கிய முழங்கையோடு. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

இன்று மாட்டியாயிற்று. "இப்பத்தான் மூச்சு வருதுங்கண்ணா" என்றாள் உன் மனைவி. பிறகு நிழலை விரலால் தொட்டு, "இன்னும் வெளியவே நிக்கிறாரு பாருங்க" என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

திருப்பி வைத்திருந்த பழைய படத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். புதுப் படத்தில் வீடு நேராக நிற்கிறது. இதில் நீ தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரிகிறது.