வீட்டுக்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

மழை விட்டுப் பத்து நாளாகிறது. மலை, கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று தெரிகிறது. நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உறையின் பின்பக்கத்து விலாசத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்திருக்கும். உங்களோடு இருக்கிறானே, அவனுடைய அப்பா. அவனுக்கு எழுதாமல் எனக்கு ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். அவனுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. பிடிவாதத்தில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான், அதனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் அம்மா வாராவாரம் மாடிப்படியில் உட்கார்ந்து அவனோடு ஃபோனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். படிக்குக் கீழேதான் என் நாற்காலி. அவனுக்குச் சளி பிடித்தால்கூட எனக்குத் தெரியும். உங்கள் மரவேலைப் பட்டறையைப் பெரிய இடத்துக்கு மாற்றியதும் தெரியும். மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் இருவரும் முதுகுப்பையோடு எங்கள் விடுதி வாசலில் வந்து இறங்கினீர்கள். மூன்று நாள் தங்கி உச்சிப்பாறை ஏறப்போகிறோம் என்று சொல்லியிருந்தான். நீங்கள் அவனுக்கு யார் என்பதை அம்மாவிடம் சொல்லியிருந்தான், அவள் என்னிடம் சொன்னாள். ஒன்பது அறையில் ஏழு காலியாக இருந்த வாரம் அது. அவனுக்கு மாடியில் கோடி அறையைக் கொடுத்தேன். உங்களுக்குச் சமையலறையை ஒட்டிய அறை. இரண்டு சாவிகளை மேசைமேல் வைத்தபோது அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். சாயங்காலம் அந்த அறைக்கதவு தரையில் உரசுகிறது என்று நீங்களே கழற்றி, இழைத்து, மாட்டி வைத்தீர்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மறுநாள் மலை ஏறாமலே கிளம்பிவிட்டீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மழை தொடங்கிய வாரம், மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்ல உயரம், வாசற்படியில் தலை குனிந்துதான் உள்ளே வந்தார். இன்னொருவர் கண்ணாடி போட்டவர், பள்ளியில் கணக்கு வாத்தியார். ஃபோனில் ஒரு அறைதான் கேட்டிருந்தார்கள். செலவைக் குறைக்க நண்பர்கள் ஒரே அறையில் தங்குவது வழக்கம்தானே என்று நினைத்துப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் நெட்டையர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, வாத்தியார் அவர் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தக் கை பழகிய விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த அறை ஒழுகுகிறது, மேலே ஒன்று கீழே ஒன்று தனித்தனியாகத்தான் தர முடியும் என்றேன். அறை ஒழுகவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபமே இல்லை. பழகிப்போன களைப்பு. நெட்டையர், "பரவாயில்லைங்க, நாங்க மேல கூடாரம் போட்டுக்கிறோம்" என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் இந்த மலையில் வழிகாட்டியாக இருந்தவன். எங்கே கூடாரம் போடலாம், எங்கே கூடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காது புளிக்கச் சொல்வேன். மழை பிடிக்கும் என்று அன்று காலையிலேயே தெரியும். ஓடைக்கரையில் படுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்கள் வாசல் தாண்டும்வரை அந்த வார்த்தை வாயில்தான் இருந்தது. சொல்லவில்லை. சீக்கிரம் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. அறை இல்லை என்று சொன்னது ஒரு தப்பு என்றால், இதை என்னவென்று சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் நான் எழுந்து வரும்போது என் கயிறும் பூட்ஸும் வாசலில் தயாராக இருந்தன. என் மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் கழுதைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். மலையேறிகளின் சாமான்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிப்போகும் அந்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொணதொணவென்று பேசுவார். ஓடை நிறம் மாறி, மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. கூடாரம் இருந்த இடத்தில் ஒரு முளைக்குச்சி மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கழுதைக்காரர்தான் என்னைத் தூக்கிவிட்டு, "கத்திப் பாரும்யா, உம்ம தொண்டைதான் மலை பூரா கேக்குமே" என்றார்.

கத்தினேன். மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து பதில் வந்தது. தண்ணீர் ஏறும்போது மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். வாத்தியார் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. நெட்டையர் அவரைத் தோளில் சுமந்து அந்த இடுக்கில் சேர்த்து, இருந்த ஒரே உலர்ந்த சட்டையை அவருக்குப் போர்த்தி, தான் நனைந்தபடி காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குத்திக் காட்டவில்லை.

கழுதை நிற்கும் வளைவுவரை வாத்தியாரை நானும் நெட்டையரும் மாற்றி மாற்றி முதுகில் சுமந்தோம். எனக்கு அறுபத்துநாலு வயது. எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. பயம்தான் சுமந்திருக்கும். வழி முழுக்க நெட்டையர் பேசிக்கொண்டே வந்தார். வாத்தியார் கண் மூடிவிடக் கூடாது என்று ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டார், பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டார், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் திருத்தச் சொன்னார். அந்த வலியிலும் வாத்தியார் திருத்தினார். கழுதைக்காரர் என் காதருகே வந்து, "இவங்க அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப?" என்றார். கால் சரியானதும் சொல்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் வாத்தியாரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சீட்டு எழுதும் அம்மா நெட்டையரைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்? சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம்" என்றார். நண்பர் என்றால் வெளியே நிற்க வேண்டும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. நெட்டையர் ஈரச் சட்டையோடு நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் போய், "இவரு அவரோட வீட்டுக்காரரும்மா" என்றேன்.

அந்த அம்மா நிமிராமலே, "வீட்டு ஓனரையெல்லாம் விட முடியாதுங்க" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து வருடம் தொண்டையில் முள்ளாக நின்ற சொல்லைத் துணிந்து வெளியே தள்ளினால், அது வாடகை வசூலிக்கிற ஆளாகப் போய் விழுகிறது. மறுபடியும் சொன்னேன். "அந்த வீட்டுக்காரர் இல்லம்மா. என் பொண்டாட்டிக்கு நான் வீட்டுக்காரன் இல்லையா, அந்த வீட்டுக்காரர்." வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுதைக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு நெட்டையரை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதி, "நேராப் போய் இடது பக்கம். முதல்ல ஈரத்தைத் துடைங்க, நடுங்குறீங்க" என்று ஒரு துண்டையும் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் தம்பி. வானம் இடிந்து விழவில்லை. திரும்பி வரும்போது கழுதைக்காரர் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நல்லா சுமக்குறாருய்யா அந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் கூடும்வரை மூன்று வாரம் இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். கீழ்த்தளத்தில், ஒரே அறையில். அறை ஒழுகவில்லை, நான் பொய் சொன்னேன் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டேன். வாத்தியார் மேற்கூரையைப் பார்த்துவிட்டு, "மேல மாடி இருக்கிற அறை எப்படிங்க ஒழுகும்? நல்ல வேளை, நீங்க கணக்குப் பாடம் எடுக்கல" என்றார். அந்தச் சிரிப்பை நான் சம்பாதிக்கவில்லை. அவராகக் கொடுத்தார்.

நெட்டையரும் அவர் நண்பர்கள் சிலரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள், ஆற்றில் படகு விடுகிறவர்கள், சைக்கிளில் காடு சுற்றுகிறவர்கள், இவர்களில் ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் எங்கே போனால் முகம் சுளிக்காமல் அறை கொடுப்பார்கள் என்று இணையத்தில் போடுகிற பட்டியல். ஃபோனில் வரைபடத்தைக் காட்டினார். எங்கெங்கோ புள்ளிகள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்றுகூட இல்லை. ஏறாமல் விட்ட மலைகள் எத்தனையோ இருக்கின்றன என்றார். "மலைக்கு நாங்க பயந்ததில்லைங்க. கீழ இருக்கிற மேசைக்குத்தான் பயம்" என்றார். அந்த மேசைக்குப் பின்னால்தான் நான் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் விடுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "உசுரைக் காப்பாத்தினீங்க, அதை மறக்க மாட்டோம். ஆனா அது வேற. முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் வந்து நிம்மதியாத் தங்கிட்டுப் போகட்டும். அவங்க எழுதினா போடுறோம்" என்றார். முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

இந்த வருடம் வெயில் தொடங்கியபோது இரண்டு பெண்கள் வந்தார்கள், பாறையேறுகிறவர்கள். ஒரு அறை கேட்டார்கள். ஒரு சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கை சும்மா இருக்கவில்லை. வெந்நீர் வேண்டுமா, தலையணை போதுமா, ஜன்னல் திறக்க வருகிறதா என்று மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டேன். மூன்றாம் தடவை அந்தப் பெண், "ஐயா, எங்களுக்கு எல்லாம் இருக்கு, தூக்கம்தான் இல்ல" என்றாள். என் மனைவி என் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகக் கீழே இழுத்து வந்தாள். ஒரு மாதம் கழித்துப் பட்டியலில் எங்கள் விடுதி வந்தது. "பெரியவர் கொஞ்சம் அதிகம் பேசுவார். ஆனால் ஒரு சாவியைத்தான் கொடுப்பார், எதையும் கேட்க மாட்டார்" என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு ஒன்பது ஜோடிகள் வந்து போய்விட்டார்கள்.

உங்கள் இருவரில் யாரோ அதைப் பார்த்திருக்கிறீர்கள். போன வாரம் அவன் அம்மாவிடம், "யாராவது அப்பாவை மிரட்டி இதைச் செய்ய வெச்சாங்களா?" என்று கேட்டான். நீயே வந்து பார்த்துக்கொள் என்று அவள் சொன்னாள். பிறகு, "யோசிக்கிறேன்" என்ற அவன் குரல் படிக்குக் கீழே எனக்கே கேட்டது.

அவன் வருவதற்கு முன் ஒன்று நடக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், நீங்கள் கிளம்பிப் போன அன்று காலை, அவன் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பின்வாசலில் நான் கயிறு உலர்த்திக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து ஒரு முனையைப் பிடித்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல், "முதல் பஸ்ஸுக்கு நீங்க கிளம்பிடுங்க. நீங்க இல்லேன்னா அவன் சரியாயிடுவான். எவ்வளவு சீக்கிரம் அவனை விடுறீங்களோ அவ்வளவு நல்லது" என்றேன். நீங்கள் கயிற்றை ஒழுங்காகச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். உங்களுக்குத் திடீரென்று ஊரில் வேலை வந்துவிட்டது என்றும், நீங்கள்தான் கிளம்பலாம் என்று வற்புறுத்தினீர்கள் என்றும் அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். மலை ஏறாமல் போனதற்கு உங்களைக்கூடக் கடிந்துகொண்டிருக்கிறான். அவன் என்மேல் வைத்திருக்கும் கோபமெல்லாம் இரண்டு சாவிக்கு மட்டும்தான். மிச்சத்தை நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள்.

எனக்காகச் சுமந்தீர்களா, அவனுக்கு ஒரு அப்பா மிஞ்ச வேண்டும் என்று சுமந்தீர்களா, தெரியவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவன் இல்லை.

அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். நானே சொல்லியிருப்பேன், என் கடிதத்தை அவன் பிரிப்பதில்லை. நான் சொன்ன வார்த்தையைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். தெரியாமல் அவன் வந்து என் கையைப் பிடித்தால், அந்தக் கையை என்னால் பிடிக்க முடியாது. தெரிந்த பிறகு வர மனமில்லை என்றால் வர வேண்டாம். கத்தினால் கத்தட்டும், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். உங்கள் பக்கம் நின்று அவன் ஒரு தடவையாவது கோபப்படட்டும். அது உங்களுக்கு ஆறு வருடமாகச் சேர வேண்டியது.

என் மனைவி பின்னால் வந்து நின்று, குளிர் ஆரம்பிக்கிறது, இருவரையும் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள் என்கிறாள். எழுதிவிட்டேன்.

இருவரும் நீண்ட காலம் ஒன்றாக, நோய்நொடியில்லாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் வாழ வேண்டும். பெற்றவர்கள் பிள்ளைகளைச் சேர்த்து நிற்கவைத்து வாழ்த்துவார்கள். எனக்கு அந்த வாய்ப்பு ஒரு தடவை வாசல்வரை வந்தது. இப்போது தூரத்திலிருந்து வாழ்த்துகிறேன். ஏற்றுக்கொண்டால் அது உங்கள் பெரிய மனது.

உங்கள் இருவருக்கும் கடமைப்பட்ட,
அப்பா